மருந்தம்மாவின் கை ஒடிந்த வருஷம்

கரியில் ஓடிய பஸ்ஸை என் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைக் கொட்டி மூட்டி, ஒருத்தர் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். தேனியில் ஏறி கம்பத்தில் இறங்குவதற்குள் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிடும். ஏற்றம் வந்தால் நாமே இறங்கித் தள்ளுவோம். இப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்று நம்மில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் மலையிலிருந்தும் வந்தது. அதைச் சுட்டவர்கள் இறங்கி ஓடிவிடாமல் காவல் நின்ற கங்காணி என் அப்பா.

ஊர்ப் பேர் வேண்டாம். மேற்கே மலை. கிழக்கே முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல். நடுவில் மாதா கோயில், அதை ஒட்டிக் கன்னியர் மடம், மடத்துக்குள்ளேயே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமும் ஒரு மருந்துச்சாலையும். எனக்கு அப்போது பத்து வயசு.

அப்பாவைக் கெட்டவர் என்று அந்த வயசில் யாராவது சொல்லியிருந்தால் நான் அவர்களைக் கடித்திருப்பேன். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் தேக்கு இலையில் தேனடை பொதிந்து கொண்டுவருவார். நான் விரலை விட்டு நக்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். திருவிழாச் சப்பரத்துக்கு முதல் தோள் அவருடையது. வீட்டில் அம்மாவிடம் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. மலையில் அவர் வேறு ஆள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய வேட்டியைத் துவைத்தவள் அவள்தானே. ரத்தமும் கரியும் எப்படிப் போகும் என்று துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரியை ஊரே மருந்தம்மா என்று கூப்பிட்டது. மலையாளத்துக்காரர். நெட்டை. நடந்தால் ஓடுவதுபோல் இருக்கும். மகளே என்பதற்கு எங்களை எல்லாம் "மோளே" என்பார். கம்பம் பக்கம் போய்வந்த நமக்கு அது புரியாத பேச்சு இல்லை. கோபம் வந்தால் தமிழ் இன்னும் வேகமாக வரும், பாதி மலையாளமாக வரும். வயல்காட்டுப் பெண்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பிள்ளைப்பேறுக்கு அவரைத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் மாசியிலேயே மடத்துக்குப் பின்னாலிருந்த ஓடை வற்றிப்போனது. வற்றுவதற்கு முன்னால் பத்து நாள் கறுப்பாக ஓடியது. அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. கீழத்தெருவில் இரண்டு கைக்குழந்தைகள் செத்தன. மருந்தம்மா அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து மேசைமேல் வைத்தார். அடியில் மை போலப் படிந்தது. மறுநாள் காலையிலேயே தகர மருந்துப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடையின் தலையைத் தேடி மலைக்குப் போனார்.

சாயந்திரம் திரும்பியவரின் முக்காடு கரித்துணியாகி இருந்தது. எங்கள் வகுப்பு வாசலில் நின்று டீச்சரம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஊத்தைச் சுத்தி ஒரு மரம் இல்லை. எல்லாம் வெட்டிக் கரிமூட்டம் போட்டிருக்கு. மலையோட தோலை உரிச்சிட்டானுவ. தண்ணியைத் தேடித்தான் போனேன். அங்கே மனுஷங்களும் அப்படியே கிடக்குறாங்க."

மலையில் கரி சுடக் குத்தகை எடுத்திருந்த காண்ட்ராக்டர் அந்தச் சனங்களை ராமநாதபுரத்துப் பக்கம் மழை பொய்த்த ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்திருந்தார். முப்பது குடும்பம் இருக்கும். ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏற்றினார். வெட்டு முடியும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. மரத்தை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்தால் அது நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். மேல்மண் வெடித்தால் காற்று புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் யாராவது அந்தச் சூட்டின்மேல் ஏறி வெடிப்பை அடைக்க வேண்டும். கனம் குறைவு என்று பிள்ளைகளைத்தான் ஏற்றுவார்கள்.

அந்த வாரத்திலிருந்து புதன்கிழமைதோறும் மருந்தம்மா மலைக்குப் போனார். காண்ட்ராக்டர் தடுக்கவில்லை. கன்னியாஸ்திரி களிம்பு தடவிவிட்டால் வேலை நன்றாக நடக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் மருந்தம்மா களிம்போடு நிற்கவில்லை. தாலுகா கச்சேரிக்கு எழுதினார். காட்டிலாகாவுக்கு எழுதினார். கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னார். கோயிலுக்குப் புதுக் கூரை போட்ட மரம் காண்ட்ராக்டர் கொடுத்தது. சாமியார் அண்ணாந்து கூரையைப் பார்த்தாராம். "சிஸ்டர், மருந்து கொடுக்கிறது உங்க வேலை" என்றாராம்.

*

ஒரு புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவுக்குச் சோற்றுத்தூக்கை நான் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அதுவரை நான் மேலே போனதில்லை.

புகைவாடை முதலில் வந்தது. பிறகு தொண்டை எரிந்தது. துப்பினால் எச்சில் கறுப்பாக வந்தது. வளைவு திரும்பினதும் வெட்டப்பட்ட அடிக்கட்டைகள்தான் கண்ணுக்கெட்டின மட்டும். அதற்கு நடுவில் மண்மேடு மண்மேடாகப் புகைந்துகொண்டிருந்தது. வெட்டாமல் விட்ட ஒரே ஒரு வேங்கை மரம் நின்றது. அதில் ஒரு பொம்பளையைக் கட்டியிருந்தார்கள்.

மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போல நிற்கவைத்து இரண்டு மணிக்கட்டையும் அந்தப் பக்கம் சேர்த்துக் கயிறு போட்டிருந்தது. ரவிக்கை கிழிந்து முதுகில் ஒட்டியிருந்தது. கீழே அவள் மகள், என்னைவிடச் சின்னவள், ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் முட்டிவரை வெந்து தோல் உறைபோலச் சுருண்டிருந்தது. மூட்டத்தில் கால் உள்ளே போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு இறங்கி ஓடினவளைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கம்போடு நின்றது என் அப்பா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் நனைந்த துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் விட்டாள். சுற்றி நின்ற சனங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகம் வியர்த்து, பற்களைக் கடித்துக்கொண்டு, விறகு பிளக்கிறவர் முகம்போல இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவரும் ஒரு முனகல் முனகினார்.

அப்போதுதான் மருந்தம்மா மேட்டில் ஏறி வந்தார். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தப் பொம்பளையின் முதுகோடு முதுகாகத் தன்னை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து நின்றார்.

"நகருங்கம்மா" என்றார் அப்பா.

"நகர மாட்டேன்."

"நகருங்கங்கேன்ல! இது மடத்துச் சோலி இல்ல."

"அடிக்கணும்னா அடி. எனக்கும் முதுகு இருக்கு."

அப்பா கம்பை இறக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இறக்கவில்லை. ஓங்கினார். மருந்தம்மா இடது கையைத் தூக்கினார். கம்பு அதில் விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை முழங்கைக்குக் கீழே ஒரு புது இடத்தில் மடங்கித் தொங்கியது.

மருந்தம்மா கீழே விழவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. மெதுவாகச் சொன்னார்:

"ஒடிஞ்சுபோச்சு. கண்டோ? இனி கயித்தை அவிழ்."

அப்பா கம்போடு அப்படியே நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் போய்க் கயிற்றை அவிழ்த்தார். ஒருவரும் தடுக்கவில்லை. அந்தப் பொம்பளை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மருந்தம்மா சுற்றும் முற்றும் பார்த்து என்னைக் கண்டார்.

"மோளே, அந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டு வா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்போதுதான் அவரும் என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் பொம்பளையே குனிந்து, ரத்தம் வழிகிற முதுகோடு, பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் மடத்துக்கு இறங்கிப் போனார்கள்.

சோற்றுத்தூக்கைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நானும் ஓடிவந்தேன். காய்ச்சலில் படுத்திருந்த அம்மாவின்மேல் விழுந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

*

மூன்றாம் நாள் காலையில் காண்ட்ராக்டரின் லாரி மடத்து வாசலில் வந்து நின்றது. நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். பத்துப் பதினைந்து ஆள்கள் குதித்தார்கள். அப்பா அவர்களில் இல்லை. அன்று முழுக்க அவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கேட்டைத் திறக்க மறுத்த தோட்டக்காரரை முதலில் அடித்தார்கள். கடப்பாறைப் பிடியால் முகத்தில் அடித்தது எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. ஒரு கண்ணில் பிறகு பார்வை திரும்பவில்லை. அடுத்தது மருந்துச்சாலை. அலமாரியைச் சாய்த்தார்கள். மருந்தம்மா வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த சீசாக்கள், நீலம், பச்சை, பழுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தன. டிஞ்சர் வாடை பள்ளிக்கூடம்வரை வந்து கண்ணைக் கரித்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் அந்த வாடை வந்தால் நான் வாய்ப்பாட்டை நிறுத்தினாற்போல நின்றுவிடுகிறேன்.

அந்தப் பொம்பளை கோயிலுக்குள் பீடத்தின் அடியில் ஒளிந்திருந்தாள். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். மடத்துத் தலைவியான வயசான வெள்ளைக்கார மதர் படியில் நின்று தடுத்தார். அவரைத் தள்ளினார்கள். மருந்தம்மா தூளிகட்டிய கையோடு ஓடிப்போய்க் கோயில் மணிக்கயிற்றை ஒற்றைக் கையால் இழுத்தார். மணி அடித்தது. ஊர்ச்சனம் வந்தது. எங்கள் கோயில்காரர்கள், சப்பரம் தூக்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நிற்கிறவர்கள், எல்லாரும் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். உள்ளே வரவில்லை.

உள்ளே வந்தது கதிர் அறுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள். பக்கத்து வயலிலிருந்து வரப்போடு வரப்பாக ஓடிவந்தார்கள். பதினோரு பேர். ஒருத்திகூட எங்கள் கோயில்காரி இல்லை. கையில் பன்னரிவாள், தலையில் வைக்கோல் தூசி. முன்னால் வந்தவள் நிறைமாசக்காரி. முடியைப் பிடித்திருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏலே, எங்க புள்ளைகளை எல்லாம் இந்த அம்மாதான் எடுத்துப் போட்டாக. நாளைக்கு எனக்கும் அவுகதான் வரணும். முடியை விடுறியா, கையை இங்கனயே அறுத்துப் போடவா?"

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கையால் அவளைத் தள்ளினான். அவள் தடுமாறினாள். அடுத்த நொடி யாருடைய அரிவாள் என்று தெரியவில்லை, அவன் முன்கை தோலும் சதையுமாகப் பிளந்துகொண்டது. அவன் அலறினான். முடியை விட்டான். பொம்பளைகள் அந்தப் பொம்பளையை நடுவில் விட்டு வட்டமாக நின்றார்கள். பதினோரு அரிவாளும் வெயிலில் மின்னின. ஆள்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போய் லாரியில் ஏறினார்கள்.

மருந்தம்மா அந்த அலறினவனைப் போகவிடவில்லை. "இறங்கு, ரத்தம் நிக்கலை" என்று லாரியிலிருந்து இறக்கி, உடைந்த சீசாக்களுக்கு நடுவில் உட்காரவைத்து, தன் முக்காட்டை ஒற்றைக் கையாலும் பல்லாலும் கிழித்துக் கட்டினார். அவன் அழுதான்.

*

காண்ட்ராக்டர் கெட்டிக்காரர். அவரே முதலில் போலீசுக்குப் போனார். மடத்துக்காரர்கள் கூலியாளை மயக்கிக் கடத்திவிட்டார்கள், கேட்கப்போனவர்களை ஆள்வைத்து வெட்டினார்கள் என்று பிராது. மருந்தம்மா கை ஒடிந்ததற்குக் காரணம்? பாறையில் வழுக்கி விழுந்தார். பதினோரு பொம்பளைகளையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தார்கள். நிறைமாசக்காரியையும் சேர்த்துத்தான்.

தாசில்தார் வந்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே விசாரணை வைத்தார். கை அடித்து ஒடிந்ததா, விழுந்து ஒடிந்ததா என்பதில்தான் எல்லாம் நின்றது. கரிமூட்டத்துச் சனங்கள் பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அந்த இடத்தில் இருந்த வெளியாள் நான் ஒருத்திதான்.

விசாரணை நாள் காலையில் அப்பா எனக்குத் தலைவாரி விட்டார். அதற்கு முன்னால் அவர் வாரிவிட்டதே இல்லை. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பதமாகத் தேய்த்தார். சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்தார். பின்னல் கோணலாக வந்தது.

"ஆத்தா, அவுக வழுக்கித்தானே விழுந்தாக?"

நான் பின்னல் நாடாவை எடுத்து நீட்டினேன்.

"நீ அப்பிடிச் சொன்னா அப்பா வீட்ல இருப்பேன். இல்லாட்டி என்னையக் கொண்டுபோயிருவாக."

அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்து ஹாலில் ஊரே கூடியிருந்தது. மருந்தம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்தப் பொம்பளையும் சொன்னாள். "இவ ஓடுகாலிங்கய்யா" என்றார் காண்ட்ராக்டர். தாசில்தார் அவளைப் போதும் என்று உட்காரச் சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாதே பாப்பா. நீ என்ன பார்த்தே?"

"மருந்தம்மா பாறையில வழுக்கி விழுந்தாக."

"கங்காணி அடிக்கலையா?"

"இல்ல."

மருந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமே வரவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தாசில்தார் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீகய்யா."

பின்னால் பொம்பளைகள் கூட்டத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள். சபையில் அவள் குரலை நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"புள்ளை சொல்றது பொய். காலையில இவ அப்பா சொல்லிக் குடுத்தது. நடந்த அன்னைக்கே வந்து என் மடியில விழுந்து அழுதுச்சு. அந்தப் பொம்பளையை மரத்துல கட்டி வச்சு அடிச்சதையும், குறுக்க வந்த அம்மா கை ஒடிஞ்சதையும் எங்கிட்டச் சொல்லுச்சு. அந்த அறுப்புக்காரிகளை விட்டுருங்கய்யா. ஒருத்தி நெறமாசம்."

முழுசாகச் சொல்லி முடித்தாளா என்பதுகூட நினைவில்லை. அப்பா பெஞ்சுகளைத் தாண்டிப் போனார். அம்மாவின் கொண்டையைப் பிடித்து, பெஞ்சு விளிம்பில் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் மோதினார். மரத்தில் மண்டை மோதும் சத்தம் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. மலையில் பார்த்த அதே முகம். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அம்மாவின் இடது காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

தாசில்தார் எழுந்து நின்றுவிட்டார்.

"இவன் அடிக்கிற ஆளா இல்லையான்னு இனிமே எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

*

அறுப்புக்காரிகளை அன்றைக்கே விட்டார்கள். அப்பாவுக்கு ஆறு மாசம் ஜெயில். காண்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கங்காணி தானாகச் செய்தது, எனக்குத் தெரியாது என்று கைகழுவிவிட்டார். ஆனாலும் தாசில்தார் மலையிலிருந்த சனங்களை இறக்கிவிட உத்தரவு போட்டார். பாதிப் பேர் ஊர் திரும்பினார்கள். காண்ட்ராக்டர் மலையின் மறுபக்கம் போய் வேறு ஆள்களை வைத்து வெட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் அந்த மறுபக்கத்துச் சனங்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

எங்கள் பாத்திரங்களை அப்பாவின் அண்ணன் தம்பிகள் தெருவில் எறிந்தார்கள். மடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் அந்தக் கரிமூட்டத்துப் பொம்பளையும் மகளும்.

அம்மாவுக்கு இடது காது போய்விட்டது. கட்டின புருசனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசியது. சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அது போதாமல், அவள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது செவிட்டுக் காதுப் பக்கமாகப் போய் நின்று, "காட்டிக்கொடுத்தவ, காட்டிக்கொடுத்தவ" என்று மெல்லச் சொல்லுவேன். அவள் கேட்காமல் பிசைந்துகொண்டே இருப்பாள். உதட்டசைவைப் பார்த்திருப்பாளோ என்று இந்த வயசில் தோன்றுகிறது.

மழை தொடங்கின பிறகு மருந்தம்மா எங்கள் வகுப்பை ஊற்றுக்குக் கூட்டிப்போனார். கரிமூட்டத்துப் பொம்பளையும் வந்தாள். வெட்டின கட்டைகள் பலதில் கொத்துக்கொத்தாகத் துளிர் விட்டிருந்தது. எதை விடலாம், எதைக் கிள்ள வேண்டும் என்று அவள்தான் காட்டினாள். "இத்தனையும் வளந்தா ஒண்ணும் மரமாகாது. இந்தத் திமிரா நிக்கிறதை மட்டும் விடுங்க." ஆடு கடிக்காமல் முள் வெட்டிப் போட்டோம். ஊற்றைச் சுற்றி நாவலும் புங்கும் நட்டோம்.

மருந்தம்மாவின் கை சேர்ந்திருந்தது, ஆனால் கோணலாக. அந்தக் கையால் மண்வெட்டியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மற்ற பிள்ளைகள் தள்ளிப் போனபோது நான் கேட்டேன்.

"எம்மேல கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. மூணு நாள்."

"நாலாம் நாளு?"

"நாலாம் நாள் கைவலி குறைஞ்சுது." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மோளே, எங்கிட்டக் கேக்குறே. கேக்க வேண்டிய ஆளு அங்கே குழி தோண்டிக்கிட்டிருக்கா" என்றார்.

அம்மா மேட்டில் குனிந்து குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை.

*

ஐப்பசியில் அப்பா வெளியே வந்தார். ஒரு மத்தியான நேரம் மடத்து கேட்டில் நின்றார். தாடி வளர்ந்து, தோள் இறங்கி, கிழவராக இருந்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள்.

"வா, போவோம்" என்றார்.

"நான் வரல."

"இங்கன எத்தனை நாளைக்குக் கெடப்ப?"

"கெடக்கேன்."

அவர் கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பி நடந்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு அவர் பின்னால் ஓடினேன். ஆற்றுப் பாலத்தில் பிடித்துவிட்டேன். முல்லையாறு கரைமுட்டச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். மலைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

"நீதான் எம் பக்கம் நின்ன ஆத்தா. ஜெயிலுக்குள்ள அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவுக வழுக்கித்தான் விழுந்தாக. நான் கம்பை ஓங்குனேன், அவுக பயந்து வழுக்கிட்டாக. ஒன் ஆத்தாகாரி வேணும்னு சொல்லிட்டா. நீ கண்ணால பாத்தவ. பச்சப்புள்ள பொய் சொல்லுமா?"

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் நம்பினார். ஆறு மாசமாக அந்தச் சுவர்களுக்குள் என் பொய்யைத்தான் அவர் தினமும் சொல்லிச் சொல்லி உண்மையாக்கியிருக்கிறார். அவரை வீட்டில் இருக்கவைக்க நான் சொன்ன வார்த்தை, அவர் என்ன செய்தார் என்பதை அவரே பார்க்கமுடியாமல் கண்ணைக் கட்டிவிட்டது. பத்து வயசில் இத்தனை வார்த்தையாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பிடியிலிருந்து விலகி நின்றேன்.

"இல்லப்பா" என்றேன். "அவுக விழுகல. நீங்கதான் அடிச்சீக. நான் பாத்தேன். அந்தப் பொம்பளை முதுகுலயும் அடிச்சீக. எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அவர் முகம் மாறுவதைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். கை எப்போது வந்தது என்று தெரியவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் மோதினேன். வாயில் உப்புக் கரித்தது. நான் எழுந்தபோது அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலத்தைத் தாண்டி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஏலத்தோட்டத்தில் காய்ச்சலில் செத்ததாக நாலைந்து வருஷம் கழித்து ஒருவர் வந்து சொன்னார்.

மடத்துக்குத் திரும்பினபோது அம்மா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். வீங்கின கன்னத்தையும் கிழிந்த உதட்டையும் பார்த்ததும் புல்லைக் கீழே போட்டாள்.

"விழுந்துட்டியாத்தா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவளும் நம்பினாற்போல இருந்திருப்பாள்.

"விழுகலம்மா. அப்பா அடிச்சாக."

ஆறு மாசத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.